சொந்தக் கதை, சொந்தப் படம்: மாற்றுத்திறனாளிகளுக்குப் படமெடுக்கக் கற்றுக்கொடுக்க முழுமையான வழிகாட்டி

உலக மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 நெருங்கினால் போதும், மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய வீடியோக்கள் வரிசைகட்டி வரும். செயற்கைக் காலோடு ஒருவர் மலை ஏறுவார், பின்னணியில் வயலின் அழும், அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பார். கடைசியில் 'இவரால் முடியும்போது உங்களால் முடியாதா?' என்று எழுத்து வரும். எங்கே உட்காருவது, எதைச் சொல்வது, எதை வெட்டுவது என்று அந்த வீடியோவில் எதையும் அவர் தீர்மானித்திருக்க மாட்டார். ஆஸ்திரேலியாவின் ஸ்டெல்லா யங் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். 2014இல் ஒரு மேடையில் இதைத்தான் அவர் கடுமையாகச் சாடினார். மற்றவர்கள் உற்சாகம் பெறுவதற்கான பொருளாக எங்களைக் காட்டாதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம்.

சிறப்புப் பள்ளி ஆசிரியர்கள், தொண்டு நிறுவன ஊழியர்கள், விஸ்காம் மாணவர்கள், ஊரில் திரையிடல் நடத்துபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நாலைந்து ஸ்மார்ட்போன், ஒரு லேப்டாப், மூன்று மாத வார இறுதிகள் இருந்தால் தொடங்கிவிடலாம். நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான். கேமராவை யார் பிடிக்கிறார் என்பது இரண்டாம்பட்சம், முடிவை யார் எடுக்கிறார் என்பதே முதல். விரலை அசைக்க முடியாதவரும் இயக்குநராக இருக்கலாம். கேமரா கையில் இருந்தும் ஒவ்வொரு ஷாட்டையும் பயிற்சியாளர் சொல்லித்தான் எடுக்கிறார் என்றால் அது பயிற்சியாளரின் படம்.

இந்த எண்ணத்துக்கு நல்ல முன்னோடி உண்டு. 1967இல் கனடாவின் ஃபோகோ தீவில் மீனவர்களை வேறு இடத்துக்குக் குடிமாற்றும் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, தேசியத் திரைப்பட வாரியத்தின் காலின் லோ அங்கே போய்க் குறும்படங்கள் எடுத்தார். எடுத்ததை முதலில் அந்த மக்களுக்கே போட்டுக் காட்டினார். வேண்டாம் என்று அவர்கள் சொன்னதை நீக்கினார். பிறகுதான் அரசு அதிகாரிகள் பார்த்தார்கள். ஒருவர் சொன்னதை இன்னொரு ஊர்க்காரர் திரையில் கேட்டு, 'நமக்கும் இதே பிரச்சினைதானே' என்று உணர்ந்ததில் மீனவர் கூட்டுறவு வலுப்பட்டது. 'முதல் பார்வையாளர் படத்தில் இருப்பவரே' என்ற அந்த நடைமுறையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: இடமும் ஆட்களும்

ஒரு குழுவுக்கு ஆறு முதல் எட்டுப் பேர் போதும். அதற்கு மேல் போனால் மெதுவாகப் பேசுபவருக்கு நேரம் கிடைக்காது. பயிற்சியாளர்களில் ஒருவராவது மாற்றுத்திறனாளியாக இருக்கட்டும். சினிமா தெரிந்த மாற்றுத்திறனாளி கிடைக்கவில்லை என்றால், மாற்றுத்திறனோடு ஊரில் வாழ்ந்து பழகிய ஒருவரைக் கூட்டிவந்து சினிமாவை நீங்கள் கற்றுக்கொடுங்கள். காது கேளாதவர் ஒருவர் வந்தாலும் சைகை மொழிபெயர்ப்பாளர் முழு நேரமும் வேண்டும். 'பக்கத்தில் இருப்பவர் எழுதிக் காட்டிவிடுவார்' என்று சமாளிக்காதீர்கள்.

இடம் பார்க்கப் போகும்போது டேப்பை எடுத்துப் போங்கள். கதவு 90 செ.மீ. அகலம் இருக்கிறதா? சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது இருக்கிறதா? பல இடங்களில் சாய்தளம் என்ற பெயரில் சறுக்குமரம்தான் கட்டிவைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் விடக் கழிப்பறையைப் பாருங்கள். கழிப்பறை சரியில்லாத இடத்துக்கு வரும் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவார்கள், மதியம் தலைவலியோடு உட்கார்ந்திருப்பார்கள். அந்த நிலையில் யாருக்குக் கதை வரும்?

ஆட்டோ செலவு, உடன் வருபவரின் சாப்பாடு, மொழிபெயர்ப்பாளரின் சம்பளம் ஆகிய மூன்றையும் பட்ஜெட்டின் முதல் வரிகளில் எழுதுங்கள். மைக் வாங்குவதை அப்புறம் யோசிக்கலாம்.

சேருபவர்களிடம் முன்கூட்டியே போனில் பேசுங்கள். 'உங்களுக்கு என்ன பாதிப்பு?' என்று தொடங்க வேண்டாம். 'வகுப்பில் வசதியாக இருக்க என்ன ஏற்பாடு வேண்டும்?' என்று கேட்டால் தேவையான எல்லாம் வந்துவிடும்: இடையில் படுக்க ஒரு பாய், மாத்திரை நேரம், அதிக வெளிச்சம் ஆகாது, பெரிய எழுத்து வேண்டும், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச வேண்டும் என்று.

அடுத்து அம்மாக்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 'தம்பி, உனக்கு எந்த இடம் பிடிக்கும்?' என்று கேட்பீர்கள். 'அவனுக்குக் கோயில்னா உயிர் சார்' என்று பதில் பக்கத்திலிருந்து வரும். இருபது வருஷமாக மகனுக்காகப் பேசிப் பழகியவர், மகனுக்காகப் பேச ஆளே இல்லாத ஊரில் அதைச் செய்தவர். அவரைக் குறைசொல்ல எதுவும் இல்லை. ஆனால் படம் மகனுடையது. அதனால் அம்மாக்களுக்குத் தனி அறை, டீ, அவர்களுக்கென்று ஓர் உரையாடல் என்று முதல் நாளே ஏற்பாடு செய்துவிடுங்கள். கேள்வியை மகனிடம் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பெருமூளை வாதம் (செரிபிரல் பால்சி) உள்ளவருக்கு ஒரு வாக்கியம் வர ஒரு நிமிடம் ஆகலாம். அந்த நிமிடத்தில் நீங்கள் வாக்கியத்தை முடித்துவைத்தால் அவர் அடுத்த வாக்கியத்தைத் தொடங்க மாட்டார். பேச்சு வராதவர்களுக்குப் படங்களைத் தொட்டுப் பேசும் செயலிகள் இருக்கின்றன. சென்னையில் உருவான அவாஸ் அப்படி ஒன்று, தமிழிலும் பேசும். அது இல்லாத இடத்தில் அட்டையில் ஒட்டிய படங்களும் வேலை செய்யும்.

படி 2: ஒப்புதல் ஒருமுறை வாங்கிவைப்பதல்ல

சேரும்போது கையெழுத்து வாங்கி ஃபைலில் போட்டுவிட்டால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். சேரும்போது, படமெடுக்கும் முன்பு, முதல் எடிட்டைப் பார்த்த பிறகு, ஒவ்வொரு திரையிடலுக்கும் முன்பு என நான்கு கட்டங்களிலும் கேளுங்கள். 'ஆமாம்' சொன்னவர் மூன்றாம் கட்டத்தில் 'வேண்டாம்' சொன்னால் காரணம் கேட்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். எங்கள் வகுப்பில் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளை ஆளுக்கொரு செட் கொடுத்துவிடுவோம். பேச்சில் மறுக்கத் தயங்குபவர்கள்கூடச் சிவப்பு அட்டையைத் தயங்காமல் தூக்குவார்கள்.

அறிவுசார் குறைபாடு உள்ளவரிடம் 'யூடியூபில் போடலாமா?' என்று மட்டும் கேட்டால் அது கேள்வியே ஆகாது. வேறொரு வீடியோவைத் திறந்து, கீழே முன்பின் தெரியாதவர்கள் எழுதியிருப்பதைக் காட்டுங்கள். 'உன் படத்துக்குக் கீழேயும் இப்படி எழுதுவார்கள். பக்கத்து வீட்டு மாமா பார்ப்பார், பள்ளிக்கூடத்தில் பார்ப்பார்கள். சரியா?' என்று கேளுங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்குப் பெற்றோர் கையெழுத்து அவசியம்தான். பெற்றோர் சம்மதித்தும் பிள்ளை மறுத்தால் பிள்ளையின் சொல்தான் செல்ல வேண்டும்.

நம் ஊரில் கூடுதலாக யோசிக்க வேண்டியவை: தங்கைக்கு வரன் பார்க்கும் நேரத்தில் அண்ணனின் மனநலப் பிரச்சினையைப் பற்றிய படம் சொந்தக்காரர் போனுக்குப் போனால் என்ன ஆகும்? வேலை கொடுத்தவரைப் பற்றிப் பேசினால் வேலை இருக்குமா? முகம் காட்டாமல், பெயர் சொல்லாமல், கைகளையும் குரலையும் மட்டும் வைத்தே நல்ல படம் எடுக்கலாம் என்பதை முதலிலேயே சொல்லிவையுங்கள்.

படி 3: கதையைத் தேடுவது

'உங்கள் வாழ்க்கைக் கதையைச் சொல்லுங்கள்' என்றால் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள்: பிறந்தேன், காய்ச்சல் வந்தது, கால் போனது, கஷ்டப்பட்டேன், ஜெயித்தேன். டாக்டரிடமும் அரசு அலுவலகத்திலும் நிருபரிடமும் சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆன கதை அது. அதைத் தாண்டினால்தான் ஆள் தெரிவார்.

1990களில் கலிஃபோர்னியாவில் ஜோ லாம்பர்ட்டும் டானா ஆட்ச்லியும் தொடங்கிய டிஜிட்டல் கதைசொல்லல் பயிற்சிகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் கதையை மற்றவர்கள் கேட்பார்கள். அதிலிருந்து இரண்டு மூன்று நிமிடப் படம் பிறக்கும். வட்டத்தில் யாரும் அறிவுரை சொல்லக் கூடாது, 'பாவம்' என்று உச்சுக்கொட்டக் கூடாது. கேள்விகள் சிறியதாக, தொட்டுப் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். உங்கள் பையில் எப்போதும் இருக்கும் ஒரு பொருளை எடுத்து அதைப் பற்றிப் பேசுங்கள். நீங்கள் முதல்முறையாகத் தனியாகப் போன இடம் எது? கோபத்தில் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை? யாருக்கும் தெரியாமல் உங்களுக்கு நன்றாகச் செய்யத் தெரிந்த வேலை?

ஓர் உதாரணம். போலியோ பாதித்த கால், அதற்குத் தாங்கலாக மாட்டும் காலிப்பர், வீட்டிலேயே தையல் தொழில் என்றிருக்கும் ஒரு பெண் எங்கள் பயிற்சிக்கு வந்திருந்தார். தையல் மெஷினில் மோட்டார் பொருத்தி, பெடல் இல்லாமல் தைப்பவர். எல்லாரும் எதிர்பார்த்தது 'கால் ஊனம் தடையில்லை' என்ற படத்தைத்தான். பொருளை எடுக்கச் சொன்னபோது அவர் எடுத்தது ஒரு துண்டுத் துணி. அரக்கு நிறப் பட்டு, விரலளவு. தங்கையின் முகூர்த்த ப்ளவுஸ் தைத்தபோது மிஞ்சியது. அந்தக் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்கும்போது, மேடையில் படி இருந்ததால் இவரைக் கீழேயே உட்காரச் சொல்லிவிட்டார்கள். ஆல்பத்தில் இவர் இல்லை, இவர் தைத்த ப்ளவுஸ் மட்டும் இருக்கிறது. வட்டத்தில் யாரும் பேசவில்லை. பிறகு அவரே, 'ஆனா ப்ளவுஸ் பிட்டிங் பிரமாதம், இன்னைக்கும் சொல்லுவாங்க' என்று சொல்லிச் சிரித்தார். அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் படம் இருந்தது.

இன்னொன்று: கதை மாற்றுத்திறன் பற்றித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பார்வையற்ற இளைஞர் தன் காதலைப் பற்றியோ கிரிக்கெட் கமென்ட்ரியைப் பற்றியோ எடுக்க விரும்பினால் எடுக்கட்டும். சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் சக்கர நாற்காலிகளுக்கான மரப்பாதை திறந்தபோது, முதல்முறை அலையைத் தொட்டவர்களின் கண்ணீரைத்தான் எல்லாரும் படம்பிடித்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமடைந்தது. அங்கே போன ஒருவர் எடுக்க நினைப்பது கடலாக இல்லாமல், பேருந்திலிருந்து அந்தப் பாதை வரை வந்து சேர்ந்த வழியாகவும் இருக்கலாம். அதைத் தேர்ந்தெடுப்பது அவர் உரிமை.

கதை முடிவானதும் ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். எழுத முடியாதவர் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜாக அனுப்பட்டும். அந்த வாக்கியம் எடிட்டிங் வரை கூடவே வரும்.

படி 4: கேமராவைப் பழகுவது

போனைக் கிடைமட்டமாகப் பிடிப்பது, லென்ஸைத் துடைப்பது, ஃப்ளைட் மோடில் போடுவது, முகத்தைத் தொட்டு ஃபோகஸைப் பூட்டுவது. இதெல்லாம் அரைமணி நேர வேலை. அதன் பிறகு முதல் பயிற்சி: ஒருவர் கையால் செய்யும் ஏதாவது ஒரு வேலையை ஐந்து ஷாட்டில் எடுப்பது. கைகள் நெருக்கமாக, முகம் நெருக்கமாக, முழு இடம், தோளுக்குப் பின்னாலிருந்து, கடைசியாக எடுப்பவர் இஷ்டத்துக்கு ஒரு கோணம். ஒவ்வொன்றும் பத்து விநாடி, கேமரா அசையக் கூடாது. காய் நறுக்குவது, பூக் கட்டுவது, பஞ்சர் ஒட்டுவது எதுவானாலும் சரி. இந்த ஐந்தும் வந்துவிட்டால் படமெடுக்கும் இலக்கணத்தில் பாதி வந்த மாதிரி.

சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண் உயரம் நிற்பவரைவிட வெகுவாகக் கீழே. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் வங்கிக் கவுன்டர் ஒரு சுவர், கூட்டம் என்பது வெறும் இடுப்புகள். கேமராவை 'சரியான' உயரத்துக்குத் தூக்கித் தர ஓடாதீர்கள். அமெரிக்க இயக்குநர் ரீட் டேவன்போர்ட் பெருமூளை வாதத்தோடு வாழ்பவர். 2022இல் வந்த தன் ஆவணப்படத்தில், தன்னைக் காட்சிப்பொருளாக நிறுத்தாமல் தன் சக்கர நாற்காலியின் உயரத்திலிருந்து தான் பார்க்கும் ஊரைக் காட்டினார். சண்டான்ஸ் விழாவில் அமெரிக்க ஆவணப்படப் பிரிவின் இயக்குநர் விருது அதற்குக் கிடைத்தது. நாற்காலியின் கைப்பிடியில் போனை மாட்ட பைக்கில் போடும் மொபைல் ஹோல்டரே போதும். வழவழப்பான தரையில் நகரும் ஷாட்டுக்குத் தனியாக எந்தக் கருவியும் வேண்டாம். மண் ரோட்டில் படம் ஆடும்தான். அந்த ரோடு அப்படித்தான் இருக்கிறது என்று அவர் அதை வைத்துக்கொள்ள விரும்பலாம்.

கை நடுங்குபவருக்கு ட்ரைபாடை விட, ஒரு கிலோ அரிசியைத் தளர்வாகக் கட்டிய துணிப்பை வசதி. மடியிலோ மேசையிலோ வைத்து அதன்மேல் போனை அழுத்தினால் அப்படியே நிற்கும். பட்டனைத் தட்டும்போது வரும் அசைவைத் தவிர்க்க, செல்ஃபி ஸ்டிக்கோடு வரும் ப்ளூடூத் ரிமோட்டைப் பயன்படுத்துங்கள். அதைக் காலாலும் முழங்கையாலும் கன்னத்தாலும்கூட அழுத்தலாம்.

பார்வையற்றவர் எப்படிப் படமெடுப்பார் என்று கேட்பார்கள். லென்ஸுக்கு ஓரமாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுங்கள். விரலால் தடவியதும் லென்ஸ் எங்கே, மேல் பக்கம் எது என்று தெரிந்துவிடும், விரல் லென்ஸை மறைக்கவும் செய்யாது. போனை மார்போடு ஒட்டிப் பிடித்துப் பேசுபவரின் குரல் வரும் திசைக்கு உடம்பைத் திருப்பினால் ஆள் படத்துக்குள் வந்துவிடுவார். திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் ஐபோனின் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவர், எத்தனை முகம் தெரிகிறது, எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லும். ஆண்ட்ராய்டில் அதேபோன்ற டாக்பேக்கோடு கேமராவை இயக்கலாம். இவர்களோடு நடக்கும்போது, ஒலியைக் கொண்டு ஷாட்டைத் திட்டமிடச் சொல்லுங்கள். டீக்கடையில் ஆற்றும் சத்தம், தகரக் கூரையில் மழை, வாசல் கேட்டின் கிரீச். கண்ணால் பார்ப்பவர்கள் கவனிக்காமல் விடும் காட்சிகள் அங்கே கிடைக்கும்.

காது கேளாதவரைப் படமெடுக்கும்போது கைகளும் பேச்சுதான். தலைக்கு மேல் கொஞ்சம் இடம், கீழே இடுப்பு வரை, இரு பக்கமும் முழங்கை விரிய இடம் வேண்டும். முகத்தை மட்டும் குளோஸ்-அப் போட்டால் வாயைப் பொத்தியதற்குச் சமம். பூப்போட்ட சட்டை வேண்டாம், தோல் நிறத்திலிருந்து மாறுபட்ட ஒற்றை நிறம் நல்லது. முகத்தில் வெளிச்சம் படட்டும். சைகையில் பாதி முகத்தில்தான் இருக்கிறது.

கையே அசையாதவருக்கு ஷாட் அட்டைகள் தயார் செய்யுங்கள். முழுக் காட்சி, நெருக்கம், மேலிருந்து, கீழிருந்து, மறுபடி, போதும் என்று படம் வரைந்த அட்டைகள். அவர் கண்ணால் காட்டுவார், உதவியாளர் எடுப்பார், எடுத்ததைத் திரையில் காட்டுவார், 'மறுபடி' என்றால் மறுபடி. உதவியாளருக்கு ஒரே விதி: 'இப்படி எடுத்தால் நன்றாக இருக்குமே' என்று அவராகச் சொல்லக் கூடாது.

படி 5: குரலும் சத்தமும்

படம் கொஞ்சம் மங்கினாலும் பார்ப்பார்கள், குரல் கேட்கவில்லை என்றால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். மலிவான காலர் மைக் ஒன்று வாங்குங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் அரை நிமிடம் சத்தத்தை மட்டும் பதிவுசெய்து வையுங்கள், எடிட்டிங்கில் வெட்டுகளை மூட அது உதவும்.

பேச்சு தெளிவில்லாதவரின் குரலை எடுத்துவிட்டு வேறொருவரை வைத்து டப்பிங் செய்யும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அவர் குரலை முழுதாக வைத்து, கீழே சப்டைட்டில் போடுங்கள். முதல் அரை நிமிடம் பார்வையாளர் சிரமப்படுவார், பிறகு காது பழகிவிடும். வேறு குரல் வேண்டும் என்று அவரே விரும்பினால் குரல் கொடுப்பவரையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும். சைகையில் சொல்லும் படத்துக்குக் குரல் சேர்க்கும்போதும் இதேதான். இருபது வயதுப் பெண்ணுக்கு ஐம்பது வயது ஆணின் குரலைப் போட்டுவிட்டு 'மொழிபெயர்ப்பு' என்று சொல்ல முடியாது.

படி 6: படப்பிடிப்பு நாட்கள்

ஒரு நாளைக்கு ஓர் இடம், இரண்டு மணி நேரம். கோடை வெயிலில் காலை எட்டரைக்குள் முடிப்பது நல்லது. முதுகுத்தண்டுவடம் பாதித்தவர்களில் பலருக்கு உடல் சூட்டைச் சீராக்க வியர்வை போதிய அளவு வராது, சட்டென்று துவண்டுவிடுவார்கள். ஈரத் துண்டும் நிழலும் படப்பிடிப்புச் சாமான்கள்தான். ரயில் நிலையம் போன்ற இடங்களுக்கு முன்அனுமதி வாங்குங்கள். தெருவில் கூட்டம் கூடி, 'என்ன சார், இவங்களுக்கு உதவி பண்ற வீடியோவா?' என்று உங்களிடம் கேட்பார்கள். 'டைரக்டர் அவர்தான், அவரிடம் கேளுங்கள்' என்று கைகாட்டிவிட்டு நகர்ந்துகொள்ளுங்கள்.

படி 7: எடிட்டிங்

கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் காகிதத்தில் எடிட் செய்யுங்கள். ஒவ்வொரு ஷாட்டிலிருந்தும் ஒரு படத்தை அச்செடுத்துத் தரையில் பரப்பினால், மென்பொருள் தெரியாதவரும் தூக்கி இடம் மாற்றி வரிசையைத் தீர்மானிக்கலாம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் இந்த வேலையில் காட்டும் உறுதியைப் பார்க்க வேண்டும். 'இது இங்கே வராது' என்று ஒரே பிடியாக நிற்பார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும்.

போனில் விஎன், இன்ஷாட், கைன்மாஸ்டர் போதும். லேப்டாப் என்றால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு நன்றாக இருக்கும். பார்வையற்றவர் ரீப்பர் மென்பொருளில் திரைவாசிப்பானைக் கொண்டு ஒலியைத் தானே வெட்டி அடுக்கலாம். அவர் முழுப் படத்தையும் ஒலியாக முடித்த பிறகு, ஒவ்வொரு இடத்திலும் எந்த ஷாட் என்று அவர் சொல்லச் சொல்லப் பார்வையுள்ளவர் ஒட்டட்டும். ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் 'வாசல், காலை, இரண்டாவது' என்று குரலில் பெயர் சொல்லிவைத்தால் தேடுவது சுலபம். சைகைப் பேச்சை வெட்டும்போது, கை ஓய்வுக்கு வந்த பிறகே வெட்டுங்கள், இல்லையென்றால் சொல்லின் வால் அறுந்துவிடும். எடிட் செய்பவருக்குச் சைகை மொழி தெரியாவிட்டால் காது கேளாதவர் பக்கத்தில் இல்லாமல் கைவைக்கவே கூடாது.

தையல்கார அக்காவின் படத்துக்கு வருகிறேன். எடிட்டிங்குக்கு உதவ வந்த தன்னார்வலர் ஒருவர், கல்யாண ஆல்பத்தை மெதுவாகப் புரட்டி, புல்லாங்குழல் வைத்து முடிக்கலாம் என்றார். பார்த்தவர்கள் அழுதிருப்பார்கள், சந்தேகமே இல்லை. அக்கா வேண்டாம் என்றார். மெஷின் ஓடும் சத்தம் மட்டும் போதும் என்றார். ஆல்பத்தை நடுவிலேயே நாலு விநாடி காட்டிவிட்டு, கடைசி ஷாட்டாக ஒரு கல்லூரிப் பெண் அளவு கொடுக்க வரும் காட்சியை வைத்தார். 'லைனிங் ப்ளவுஸ் எவ்வளவுக்கா?' என்று அவள் கேட்கிறாள். இவர் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடி விலையைச் சொல்கிறார், குறைக்க மாட்டேன் என்கிறார், படம் முடிகிறது. தன்னார்வலர் சொன்னதில் பார்வையாளருக்கு இரக்கம் கிடைத்திருக்கும். அக்கா எடுத்த முடிவில் நம் முன் ஒரு தொழில்காரர் நிற்கிறார். இரண்டில் எது நல்ல சினிமா என்று விவாதிக்கலாம். எது அவருடைய சினிமா என்பதில் விவாதத்துக்கு இடமில்லை.

பயிற்சியாளருக்கு இங்கே என்ன வேலை? கேள்வி கேட்பது. 'இந்த இடத்தில் பார்ப்பவருக்கு இவர் உங்கள் தங்கை என்று தெரியுமா?' என்று கேட்கலாம். 'தெரியாது, போட்டுக்கொள்வோம்' என்றோ 'தெரிய வேண்டாம்' என்றோ அவர் சொல்லட்டும். நீளம் மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் இருந்தால் நல்லது.

படி 8: எல்லாரும் பார்க்கும்படி செய்வது

திரையரங்குகளில் சப்டைட்டிலும் ஒலி விவரணையும் தருவதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் வெளியிட்டது. பெரிய படங்களுக்கே அப்படி என்றால், நம் வகுப்புப் படங்கள் அது இல்லாமல் வெளியே போகக் கூடாது. தமிழில் சொற்கள் நீளம் என்பதால் ஒரு வரிக்கு நாலைந்து சொல், ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து. செயலி தானாகப் போடும் தமிழ் சப்டைட்டிலை வரிக்கு வரி திருத்துங்கள். பேச்சை மட்டும் எழுதினால் போதாது. [மெஷின் நின்றுவிடுகிறது], [தூரத்தில் நாதஸ்வரம்] என்று சத்தத்தையும் எழுத வேண்டும்.

ஒலி விவரணை என்பது வசனத்துக்கு இடையிலுள்ள மௌனத்தில் காட்சியைச் சொல்வது. 'சோகமாகப் பார்க்கிறாள்' என்று தீர்ப்பு எழுதாமல், 'ஆல்பத்தை மூடுகிறாள். துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடிக்கிறாள்' என்று நடப்பதை எழுதுங்கள். இதைச் சோதிக்க வெளியே போக வேண்டியதே இல்லை. காது கேளாதவர் எடுத்த படத்தைப் பார்வையற்ற நண்பர் கேட்கட்டும், பார்வையற்றவர் எடுத்ததைக் காது கேளாதவர் பார்க்கட்டும். எங்கள் வகுப்பில் மிகக் கறாரான விமர்சனமும் அதிகச் சிரிப்பும் இந்த நாளில்தான் வரும்.

படி 9: திரையிடல்

முதலில் எடுத்தவருக்குத் தனியாக. பிறகு அவர் விரும்பினால் வீட்டாருக்கு. வீட்டார் முதல்முறையாக ஊரோடு சேர்ந்து உட்கார்ந்து பார்த்தால் மனம் நோகும் தருணங்கள் வரும், அந்த இடைவெளி அவசியம். அப்புறம்தான் பொதுத் திரையிடல். மண்டபத்துக்குச் சாய்தளம் இருந்தால் போதாது, மேடைக்கும் இருக்க வேண்டும். மேடையில் படி இருந்ததால் கல்யாணப் படத்தில் விடுபட்டவரைத் தன் பட விழாவிலும் கீழேயே உட்காரவைத்து மாலை போடுவது கொடுமை. சாய்தளம் கிடைக்கவில்லையா? மேடையையே கைவிட்டு எல்லாரும் தரையில் இருங்கள்.

கேள்வி நேரத்தில் 'உங்களுக்கு எப்படி இப்படி ஆச்சு?' என்ற கேள்வி கட்டாயம் வரும். 'படத்தைப் பற்றிக் கேளுங்கள்' என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு என்று முன்பே பேசிவையுங்கள். சென்னையில் எபிலிட்டி ஃபவுண்டேஷன் நடத்திவந்த எபிலிட்டிஃபெஸ்ட் போன்ற மாற்றுத்திறனாளிகளுக்கான திரைவிழாக்கள் நல்ல இடம். ஆனால் அங்கே மட்டும் நிறுத்த வேண்டாம். பொதுக் குறும்பட விழாக்களுக்கும் அனுப்புங்கள், ஊராட்சி அலுவலகத்திலும் போட்டுக் காட்டுங்கள். பேருந்துப் படிக்கட்டைப் பற்றிய மூன்று நிமிடப் படத்தைப் போக்குவரத்துக் கழக அதிகாரி பார்த்தால், அதன் பலன் மனுவை விட வேகமாக இருக்கும். மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர் நிபுண் மல்ஹோத்ரா தொடுத்த வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், திரையில் மாற்றுத்திறனாளிகளைக் காட்டுவதற்கான நெறிகளை வகுத்தது. கேலிப்பொருளாகவும் வேண்டாம், அதிசய மனிதர்களாகவும் வேண்டாம், அவர்களைப் பற்றிய முடிவுகளில் அவர்கள் பங்கேற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அதிகாரிகளிடம் பேசும்போது இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்திருங்கள்.

படி 10: உரிமையும் சம்பளமும்

இதைப் பலர் எழுதிவைப்பதே இல்லை. படத்தின் காப்புரிமை எடுத்தவருக்கு. பயிற்சி நடத்திய நிறுவனம் நன்கொடை திரட்ட அதைக் காட்ட விரும்பினால் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும், பணம் வந்தால் பங்கும் தர வேண்டும். தமிழில், எளிய வாக்கியத்தில், ஒரே பக்கத்தில் ஒப்பந்தம் எழுதி இரு தரப்பும் வைத்துக்கொள்ளுங்கள். பார்வையற்றவருக்கு அதையே ஒலிப்பதிவாகவும் கொடுங்கள். எடுத்த எல்லா ஃபூட்டேஜையும் பென்டிரைவில் போட்டு அவர் கையில் கொடுத்துவிடுங்கள். டைட்டிலில் 'இயக்கம்' என்ற இடத்தில் அவர் பெயர் தனியாக வரட்டும், உங்கள் பெயர் கடைசியில், உதவியாளர்களோடு.

பயிற்சி முடிந்ததும் போன், மைக், ட்ரைபாட் மூன்றையும் முறைவைத்து இரவல் கொடுக்க ஒரு நோட்டுப் போடுங்கள். அடுத்த குழுவுக்கு இந்தக் குழுவிலிருந்து இருவரை உதவிப் பயிற்சியாளராக எடுங்கள். மற்ற பயிற்சியாளருக்கு என்ன தினச் சம்பளமோ அதே சம்பளம், அதே ஆட்டோ செலவு.